பழைய வெள்ளி முலாம் கார்னெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியப்பா விட்டுப்போன கார்னெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. கார்னெட் என்பது டிரம்பெட் போன்ற ஒரு பித்தளை ஊதுவாத்தியம். லண்டன் பெசன் நிறுவனம் செய்தது. மரப்பெட்டியைத் திறந்த அன்று கரி பிடித்த பால் சட்டி மாதிரி இருந்தது. இப்போது ஞாயிறுதோறும் ஆலயத்தில் அதைத்தான் ஊதுகிறேன். இந்த விஷயம் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுப் பரணிலும் பீரோவின் அடியிலும் கிடைத்த கார்னெட்டுகளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இதைப் படித்து முடிக்கும்வரை கார்னெட்டைத் தேய்க்காதீர்கள்.

கார்னெட்டும் டிரம்பெட்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இரண்டின் சுருதியும் பொதுவாக பி ஃபிளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. சுருட்டியிருக்கும் குழாயை நேராக நீட்டினால் இரண்டுமே ஏறக்குறைய நாலரை அடி வரும். டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலத்தில் ஓடிவந்து கடைசியில் விரியும். கார்னெட்டின் குழாய் முன்னாலிருந்தே மெல்ல மெல்ல விரிந்துகொண்டு போகும். ஊதுகிற மவுத்பீஸின் கிண்ணமும் ஆழமாக, புனல் போல இருக்கும். அதனால்தான் கார்னெட்டின் நாதம் உருண்டையாக, பாடும் குரலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

1820களின் கடைசியில் பாரிஸில், தபால் வண்டிக்காரர்கள் ஊதிய சிறு கொம்புக்கு, ஸ்வரம் மாற்ற விரலால் அழுத்தும் வால்வு பொருத்தியதில் பிறந்தது கார்னெட். இன்று நாம் பார்க்கும் பிஸ்டன் வால்வுக்கு உருக் கொடுத்தவர் பெரினே. அதுவும் பாரிஸில்தான், 1830களின் இறுதியில். ஆனால் கார்னெட் வேர்விட்டது இங்கிலாந்தின் நெசவாலை ஊர்களிலும் சுரங்க ஊர்களிலும். மான்செஸ்டர் பெல் வியூ பூங்காவில் 1853இல் பித்தளை பேண்டுகளுக்குப் போட்டி தொடங்கியது. 1855இல் குவீன்ஸ்பரி ஆலையில் பிளாக் டைக் பேண்டு உருவானது. இப்படிப்பட்ட பேண்டில் டிரம்பெட்டுக்கு இடமே கிடையாது. இருபத்தைந்து பேர் ஊதினால் பத்துப் பேர் கையில் கார்னெட் இருக்கும். ஊருக்கு ஊர் பேண்டு, பேண்டுக்குப் பத்து கார்னெட் என்றால் எத்தனை செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கும் இவ்வளவு பழைய கார்னெட்டுகள் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

நம் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது?

ராணுவ பேண்டு வழியாக, திருச்சபை வழியாக. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) 1882இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் முதல் பேண்டே இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரில் ஒரு தகப்பனும் மூன்று பிள்ளைகளும் பித்தளை வாத்தியம் ஊதியதில் தொடங்கியதுதான். பிறகு செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் சொந்தமாகவே வாத்தியத் தொழிற்சாலை நடத்தினார்கள். 'டிரையம்ஃபானிக்' என்ற பெயர் வெட்டிய கார்னெட் உங்கள் வீட்டில் இருந்தால் அது அங்கே செய்தது.

எந்த நிறுவனம், எந்தக் காலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு இடங்களைப் பாருங்கள். பெல் என்கிற விரிந்த வாய்ப்பகுதியின் வெளிப்புறத்தில் பெயரும் முகவரியும் வெட்டியிருக்கும். நடு வால்வின் உறையில் ஓர் எண் குத்தியிருக்கும்.

முகவரி நல்ல சாட்சி. என்னுடையதில் 'பெசன் அண்டு கோ, புரோட்டோடைப், 198 யூஸ்டன் ரோடு, லண்டன்' என்று வெட்டியிருந்தது. புரோட்டோடைப் என்பது அவர்களுடைய வியாபாரப் பெயர். எஃகில் கூம்புகளைத் துல்லியமாகக் கடைந்துவைத்து, ஒவ்வொரு குழாயையும் அதே கூம்பின் மேல் வளர்த்தெடுத்தார்கள். முதல் வாத்தியம் எப்படியோ நூறாவதும் அப்படியே இருக்கும் என்ற பெருமை அந்தப் பெயரில் இருக்கிறது. பூசி நிறுவனத்தின் கார்னெட் என்றால் '295 ரீஜென்ட் ஸ்ட்ரீட்' என்றிருக்கும். பூசியும் ஹாக்ஸும் 1930இல் இணைந்தன. ஆகவே இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தையது. பெசனையும் 1948இல் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்கக் கார்னெட் என்றால் பெரும்பாலும் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்தில் கான் நிறுவனம் செய்ததாக இருக்கும்.

குத்திய எண்ணைக் கொண்டு ஆண்டைக் கணிக்கும் பட்டியல்கள் பல சுற்றுகின்றன. அவற்றை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பூசி அண்டு ஹாக்ஸ் நிறுவனத்தின் பழைய வாத்தியங்களும் கணக்கேடுகளும் இருக்கின்றன. எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு அவர்களிடம் விசாரிப்பதே சரியான வழி.

முழு வெள்ளியா, முலாமா?

முலாம்தான். உள்ளே இருப்பது பித்தளை. மின்சாரத்தால் வெள்ளி படியவைக்கும் முறைக்கு பர்மிங்காம் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் காப்புரிமை பெற்றார்கள். பித்தளையை வெறுமனே விட்டால் தினமும் துலக்க வேண்டும், கை நாறும். வெள்ளி பூசினால் அந்தத் தொல்லை குறையும், மேடையிலும் எடுப்பாகத் தெரியும். அதனால் வசதியுள்ள பேண்டுகள் கூடுதல் காசு கொடுத்து முலாம் பூசி வாங்கின.

எவ்வளவு வெள்ளி தேறும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெளிப்பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர், முலாம் 10 மைக்ரான் கனம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 12, 13 கிராம்தான் வரும். கொலுசுக்குக்கூடக் காணாது. வெள்ளிக் கடையில் கொடுத்து உரைத்துப் பார்க்கச் சொல்லவே சொல்லாதீர்கள். உரைகல்லில் இழுத்தாலோ அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாலோ, அந்த இடத்தில் பித்தளை வெளியே வந்துவிடும்.

கறுத்துப் போயிருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. அதுதான் அந்தக் கறுப்பு. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு தேன் நிறம், ஊதா, கடைசியில் கறுப்பு. ஒரே கார்னெட்டில் இந்த நான்கும் வரிசையாகத் தெரியும். ஒரே சீராகக் கறுத்திருப்பது நல்ல அடையாளமும்கூட: அந்த இடத்திலெல்லாம் வெள்ளி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பயப்பட வேண்டியது பச்சையைப் பார்த்து. மூட்டுகளில், வால்வின் அடிமூடி ஓரங்களில் பச்சையாகப் பொடி பூத்திருந்தால் அது களிம்பு. அங்கே முலாம் போய்ப் பித்தளையை ஈரம் தின்றுகொண்டிருக்கிறது. களிம்பு விஷம், ஊதித் தட்டிவிடாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

புளி, விபூதி, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதி என்பது நம் வீட்டு வழக்கம், அந்தப் பொருட்களுக்கு அது பொருந்தும். குத்துவிளக்கு கனத்த வார்ப்பு. கிண்ணம் முழுக்க வெள்ளி. ஒரு படலம் போனால் அடியில் அதே உலோகம்தான். கார்னெட்டில் ஒரு படலம் போனால் மிச்சம் இருப்பது பித்தளை.

புளியும் எலுமிச்சையும் இன்னொரு கெடுதலும் செய்யும். அந்தப் புளிப்பு மூட்டு இடுக்குகளில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியே வராது. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் பச்சை பூக்கும். டூத்பேஸ்ட்டில் இருப்பது பல்லைத் தேய்க்கும் அரைபொருள்; மென்மையான வெள்ளியில் அது கீறல் போடும்.

இயந்திரச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்கவே கூடாது. அந்தத் தப்பை நான் செய்தேன். முதல் வருஷம் ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தேன். மாலையில் வாங்கப் போனபோது கண்ணாடி மாதிரி மின்னியது, பெல்லைத் திருப்பிப் பார்த்தேன். '198' இருந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. 'யூஸ்டன்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் நிழல் போல மிஞ்சியிருந்தன. அந்த எழுத்துகளை ஒரு மனிதர் சிற்றுளி பிடித்துக் கையால் வெட்டியிருந்தார். இனி யாராலும் அவற்றைத் திருப்பித் தர முடியாது.

அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது?

முதலில் வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான தண்ணீர். வால்வுகளையும், இழுத்தால் வெளியே வரும் குழாய் வளைவுகளான ஸ்லைடுகளையும் கழற்றி வரிசை மாறாமல் துணி மேல் வையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுப் போட்ட தண்ணீரில் கார்னெட்டின் உடலை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். குழாய்களுக்குள் செலுத்துவதற்கென்றே வளையும் கம்பியில் பிரஷ் கிடைக்கிறது, அதை விட்டு மெதுவாக இழுங்கள். என்னுடையதிலிருந்து முதல் நாள் வந்தது டீத்தூள் போன்ற கறுப்புக் கசடும், ஒரு செத்த பூச்சியும். வெளியே தெரியும் கறுப்பைவிட உள்ளே இருக்கும் இந்தக் கசடுதான் வாத்தியத்தை அரிக்கிறது.

நன்றாக உலர்ந்த பிறகு, வெள்ளிக்கென்று மருந்து ஏற்றி விற்கும் மென்துணியால் ஒரு முறை துடையுங்கள். வட்டமாகச் சுழற்றாமல் ஒரே திசையில். தேன் நிறம் வரைக்கும் கறுப்பு இறங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்து வெட்டின் பள்ளங்களில் கறுப்பு நிற்கட்டும். அது இருந்தால்தான் எழுத்து படிக்க வரும்.

மவுத்பீஸ், வால்வு மூடி போன்ற சின்னச் சாமான்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா கலந்த சுடுதண்ணீர் ஊற்றி, பொருள் தாளைத் தொடும்படி வைத்தால் சில நிமிடங்களில் கறுப்பு கலையும். அழுகிய முட்டை வாடை வரும். வெள்ளியிலிருந்து கந்தகம் பிரிகிற வாடை அது. தேய்ப்பு இல்லாததால் முலாம் குறையாது. கார்க், ஃபெல்ட், சிப்பி பதித்த பொத்தான் எதுவும் அந்தத் தண்ணீரில் படக் கூடாது.

பெல்லின் உட்புறம் மங்கிய மஞ்சளாக இருந்தால் முலாம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உயர்ந்த ரகங்களில் பெல்லுக்குள் தங்க முலாம் பூசுவதுண்டு. வெள்ளியைவிட அது மெல்லியது. தண்ணீரில் நனைத்த பஞ்சைத் தவிர வேறெதுவும் அங்கே படவேண்டாம்.

வால்வுப் பக்கம் வெள்ளி தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. மறுபடி முலாம் பூசலாமா?

பூசலாம்; பூச வேண்டுமா என்று யோசியுங்கள். புது முலாம் பூசுவதற்கு முன் பழைய முலாமை அகற்றி, பித்தளையையும் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். எழுத்து மழுங்கும், சுவர் மெலியும். ஊதும் ஓசைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

இடது உள்ளங்கை வால்வு உறைகளைத் தழுவிப் பிடிக்கும் இடத்தில்தான் எல்லாக் கார்னெட்டும் முதலில் தேயும். என்னுடையதில் அந்தத் தேய்மானம் பெருவிரல் பக்கம் வேப்பிலை வடிவத்தில் இருக்கிறது. என் விரலை வைத்தால் சற்று வெளியே நிற்கிறது. பெரியப்பாவின் கை என் கையைவிடச் சிறியது. அதை மூட எனக்கு மனம் வரவில்லை.

மவுத்பீஸ் மட்டும் விதிவிலக்கு. உதடு படும் விளிம்பில் பித்தளை தெரிந்தால் பலருக்கு உதடு தடித்துப் புண்ணாகும். அதற்குத் தயங்காமல் முலாம் பூசிக்கொள்ளுங்கள், அல்லது புது மவுத்பீஸ் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் நிலைமையை எப்படிச் சோதிப்பது?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். மூன்று சோதனை செய்யுங்கள், பத்து நிமிடம் போதும்.

முதலாவது வால்வு. வால்வு உறைக்குள் ஏறி இறங்கும் ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். உறையின் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். இடம் மாறியிருந்தால் காற்றே போகாது. வாத்தியம் செத்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவந்த ஒரு கார்னெட்டில் இரண்டும் மூன்றும் மாறியிருந்தது, அவ்வளவுதான். பிறகு வால்வை அழுத்தாமல், அதற்குரிய ஸ்லைடை ஓர் அங்குலம் வெளியே இழுங்கள். ஐந்து எண்ணுங்கள். இப்போது வால்வை அழுத்துங்கள். 'பொக்' என்று சத்தம் வந்தால் பிஸ்டன் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் பிஸ்டன் தேய்ந்து காற்று கசிகிறது. எண்ணெய் விட்டும் மறுபடி ஒரு முறை பாருங்கள். எண்ணெய் விட்ட பிறகு 'பொக்' வந்தால் இன்னும் பல வருஷம் ஓடும். அப்படியும் வராவிட்டால் பிஸ்டனுக்குப் புது உலோகம் ஏற்றி உறைக்குப் பொருந்தும்படி அரைத்துச் சேர்க்க வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை, செலவும் கூடுதல். பிஸ்டனை மட்டும் எந்த பாலிஷும் போட்டுத் துலக்காதீர்கள். தலைமுடியைவிடக் குறைந்த இடைவெளியில் அது நிற்கிறது.

இரண்டாவது, மவுத்பீஸ் செருகும் இடத்திலிருந்து போகும் முதல் குழாய். சுருதி சேர்க்க இழுக்கும் டியூனிங் ஸ்லைடைக் கழற்றிவிட்டு, ஒரு முனையில் செல்போன் விளக்கைக் காட்டி மறுமுனையில் கண்ணை வையுங்கள். உட்சுவர் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

மூன்றாவது, பற்றவைப்பு. குழாய்களைத் தாங்கும் சின்னக் கால்களை விரலால் மெல்ல அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஈயம் விட்டிருக்கிறது. மூட்டைச் சுற்றி அப்பியது போல ஈயம் தெரிந்தால் யாரோ அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள். குழாய் மேல் தகடு ஒட்டியிருந்தால் அதன் அடியில் ஓட்டை இருக்கிறது.

குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அது என்ன?

கார்னெட்டுக்கு வரும் நோய்களிலேயே மோசமானது இதுதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. ஊதுகிறவரின் எச்சில் ஈரம் வருஷக்கணக்கில் உள்ளே நின்றால் துத்தநாகம் கரைந்து வெளியேறும். மிஞ்சும் செம்பு கடற்பஞ்சு போல நுண்துளைகளோடு நிற்கும். உள்ளே தொடங்கி வெளிப்பக்கத்துக்கு வரும்போதுதான் நமக்குத் தெரியும்: முலாம் தேய்ந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இளஞ்சிவப்பு வட்டம், நடுவில் ஒரு கருமையான புள்ளி. விரல் நகத்தால் தேய்த்தால் போகாது.

வெளியே ஒரு புள்ளி வந்துவிட்டால் உள்ளே எத்தனை என்று சொல்ல முடியாது. மேலே முலாம் பூசினால் மறையுமே தவிர நிற்காது. அந்தக் குழாயை மட்டும் கழற்றிப் புதுக் குழாய் போடலாம்; வாத்தியம் மறுபடி ஊதும். பழைய குழாயைத் தூக்கி எறியாமல் பெட்டியிலேயே வையுங்கள். நாளைக்கு அளவெடுக்க வேறு ஆதாரம் இருக்காது.

தடுப்பது சுலபம். ஊதி முடித்ததும் தண்ணீர் வால்வைத் திறந்து ஈரத்தை வெளியே ஊதுங்கள், மாதம் ஒரு முறை உள்ளே கழுவுங்கள். கடலைமிட்டாயோ இனிப்பு டீயோ சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதாதீர்கள். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான், ஸ்வரம் பிறகு.

ஸ்லைடும் மவுத்பீஸும் இறுகி அசையவே இல்லை.

குறடு எடுக்காதீர்கள். மூட்டு ஓரத்தில் துருநீக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் ஸ்லைடின் வளைவுக்குள் பருத்தி நாடாவை நுழைத்து, இரண்டு முனையையும் கையில் சுற்றி, நேர்கோட்டில் சுண்டிச் சுண்டி இழுங்கள். வராவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி ஓர் இரவு. என் மூன்றாம் ஸ்லைடு பதினோராம் நாள் வந்தது.

சூடு காட்டச் சொல்வார்கள். சாதாரண ஈயப் பற்று 180 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளகிவிடும். ஊதுகுழல் விளக்கைக் காட்டினால் ஸ்லைடு வருவதற்கு முன் கால்கள் கழன்று விழும். மவுத்பீஸை முறுக்கி இழுத்தால் குழாயே முறுக்கிக்கொள்ளும். அதைக் கழற்றத் திருகுக் கருவி ஒன்று இருக்கிறது. பேண்டு வாத்தியம் பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

நெளிசல்களை எடுக்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. பெல் விளிம்பில் உள்ள நெளிசல் கண்ணுக்குத்தான் உறுத்தல். மவுத்பீஸை அடுத்த குழாயிலும் டியூனிங் ஸ்லைடின் வளைவிலும் உள்ள சின்னச் சொட்டைகூடச் சில ஸ்வரங்களைத் தடுமாற வைக்கும், அதை எடுங்கள். வால்வு உறையில் பட்ட அடி அவசரம், பிஸ்டனை இறுக்கும். உள்ளே எஃகுக் குண்டை விட்டு வெளியிலிருந்து தட்டி எடுப்பது பழக்கமான வேலை. முலாம் கொஞ்சம் விரிசல் விடலாம் என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள்.

எப்படி ஊதினாலும் ஆர்மோனியத்தோடு சேரவில்லை. சுருதி ஏறியே இருக்கிறது.

பலரை அழவைத்த கேள்வி இது. வாத்தியத்திலும் குற்றமில்லை, உங்கள் உதட்டிலும் குற்றமில்லை. இங்கிலாந்துப் பேண்டுகள் நீண்ட காலம் உயர்ந்த சுருதியில் ஊதின. இன்று உலகம் முழுக்க ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு. அவர்களுடையது 452. வித்தியாசம் நம் கணக்கில் ஏறக்குறையக் கால் கட்டை. பாடகருக்குப் பிடிபடாமல் போகாது. 1960களின் நடுவில் பூசி அண்டு ஹாக்ஸ் உயர்ந்த சுருதி வாத்தியங்கள் செய்வதை நிறுத்திய பிறகுதான் பேண்டுகள் மாறின.

சுருதியை இறக்கக் குழாயின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கூட வேண்டும். டியூனிங் ஸ்லைடுக்கு இரண்டு கால், ஆகவே 2 சென்டிமீட்டர் இழுத்தால் 4 கிடைக்கும். அதோடு விட்டால் வால்வு அழுத்தும் ஸ்வரங்கள் மட்டும் ஏறி நிற்கும். முதல் வால்வின் ஸ்லைடை 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மூன்றாவதை மூன்றரை, நடுவிலுள்ளதை 1 மில்லிமீட்டர் இழுத்துவையுங்கள். பலர் இந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டு வாத்தியத்தைக் குறை சொல்கிறார்கள். என்னுடையதில் எப்போதோ யாரோ நீளமான டியூனிங் ஸ்லைடு செய்து போட்டிருக்கிறார்கள். முலாமின் நிறம் லேசாக வேறுபடுவதை வைத்துக் கண்டுபிடித்தேன்.

பெட்டிக்குள் விரல் நீளத்தில் சில குழாய்த் துண்டுகளும் வளையங்களும் இருந்தால் ஓட்டை உடைசல் என்று எறிந்துவிடாதீர்கள். பி ஃபிளாட்டிலிருந்து ஏ-க்கும் அதற்குக் கீழேயும் சுருதியை இறக்க, மவுத்பீஸுக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் செருகும் துண்டுகள் அவை. ஒவ்வொன்றும் அந்தக் கார்னெட்டின் அங்கம்.

டிரம்பெட் மவுத்பீஸ் போடலாமா?

கூடாது. தண்டு கார்னெட்டுடையதைவிடத் தடிமன். பாதிதான் நுழையும், அடித்து நுழைத்தால் குழாயின் வாயே விரியும்.

வால்வுக்கு என்ன எண்ணெய்?

வால்வு எண்ணெய் என்றே விற்பதை வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: மார்கழியில் உறையும், மற்ற மாதங்களில் பிசுக்காகும். பழைய பிஸ்டன் கசிந்தால் சற்றுக் கெட்டியான ரகம் உதவும். ஸ்லைடுகளுக்கு வாசலின் போதும், மெல்லிய பூச்சாக.

எப்படிப் பாதுகாப்பது?

தினமும் ஊதுங்கள். ஊதாத நாட்களில் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ரப்பர் பேண்டு போடவே கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, ஒரே மழைக்காலத்தில் சுற்றிலும் கறுப்பு வளையம் விழும். ஈரமாக வைத்து மூடாதீர்கள். நான் ஒரு துணிப்பையில் நாலு சாக்பீஸ் போட்டு மூலையில் வைக்கிறேன், ஈரத்தை உறிஞ்சும்.

அசல் பெட்டி நாறினாலும் பூஞ்சை பிடித்திருந்தாலும் வெயிலில் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். வாத்தியத்தை மட்டும் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

என்ன விலை போகும்?

நிறையச் செய்யப்பட்ட பொருள் என்று முன்பே சொன்னேன். ஆகவே வயது மட்டும் விலை தராது. எழுத்து கூர்மையாக, வால்வு இறுக்கமாக, பழைய துண்டுகளும் பெட்டியும் சேர்ந்தே இருந்தால் நல்ல விலை. போட்டியில் பரிசாகக் கொடுத்து, ஊதியவர் பெயரும் ஆண்டும் வெட்டிய கார்னெட்டை சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவார்கள். உயர்ந்த சுருதி, குழாயில் இளஞ்சிவப்பு, மழுங்கிய எழுத்து மூன்றும் சேர்ந்தால் அலங்காரப் பொருளின் விலைதான். என்னுடையது எழுத்து போனபின் பாதியாக இறங்கிவிட்டது. விற்கும் எண்ணம் எனக்கில்லை.

இவ்வளவு பழசை இன்னும் ஊதலாமா, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமா?

உள்ளே கழுவி, மூன்று சோதனையிலும் தேறினால் ஊதுங்கள். முதல் வாரம் கீழ் ஸ்வரங்களை மட்டும், பத்து பத்து நிமிடம், மெல்லிய காற்றில். உலர்ந்து கிடந்த கார்க்கும் ஃபெல்ட்டும் பெரும்பாலும் நொறுங்கும், மாற்றிவிடுங்கள். அவற்றின் கனம் மாறினால் பிஸ்டனின் துளையும் குழாயின் துளையும் நேருக்கு நேர் நிற்காது. ஆகவே பழையதை அளந்து அதே கனத்தில் வெட்டுங்கள். மூன்றாம் வாரம் என்னுடையதில் நடு ஜி ஸ்வரம் திடீரென்று திறந்து, ஆலயத்தின் பின்வரிசை வரைக்கும் போனது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியம்மா திரும்பிப் பார்த்தார்கள்.